தங்கச்சிக்கு என் வீட்டை வாடகைக்குக் கொடுத்தால் அவளுக்கு வாடகைக் காசு கிடைக்குமா?

கரையோரம்:
வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எனக்கு இரண்டாவது வீடு ஒன்று இருக்கிறது, மூன்று அறை. இப்போது இருக்கிற குடும்பம் அடுத்த மாதம் போகிறது. என் தங்கச்சி கணவரைப் பிரிந்து இரண்டு பிள்ளைகளோடு (மகனுக்கு 12, மகளுக்கு 9) எங்கள் வீட்டு ஹோலில்தான் படுக்கிறாள். கேர் ஹோம் ஒன்றில் பகுதி நேர வேலை, யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற உதவி) கொஞ்சம் வருகிறது, ஆனால் எங்களோடு இருப்பதால் வாடகைக்கென்று எதுவும் இல்லை. வெளியில் வீடு தேடினால், பெனிபிட் எடுக்கிறவள் என்று தெரிந்தவுடன் ஏஜென்சிக்காரர் திரும்பக் கூப்பிடுவதே இல்லை. அந்த வீட்டை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. சும்மா இருக்க விட எனக்கு வசதி காணாது, மோர்ட்கேஜ் ஓடுகிறது. வெளி ஆளிடம் 2,300 பவுண்ட் வாங்கலாம் என்கிறார் ஏஜென்ட், தங்கச்சியிடம் 1,900 கேட்கலாம் என்று இருக்கிறேன். கோயிலில் ஒருவர் "சொந்தச் சகோதரிக்குக் கொடுத்தால் உள்ளே போவாய்" என்கிறார், இன்னொருவர் "எல்லாரும் செய்கிறார்கள், பயப்படாதே" என்கிறார். எது சரி?

சும்மா ஒருவன்:
முதல் ஆள் சொன்னதுதான் சரி அண்ணை. கூடப்பிறந்தவர்களுக்கு விட்டு அரசாங்கக் காசு வாங்க முடியாது, என் நண்பர் ஒருவர் இணையத்தில் விதியையே காட்டினார். வேண்டுமென்றால் உங்கள் மச்சான் பெயரில் அக்ரிமென்ட் போடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து யாரும் செய்துவிட வேண்டாம். நேராகச் செய்தால் சட்டப்படி நிற்கக்கூடிய ஒரு காரியத்தை, பயத்தில் வளைத்துச் செய்து மோசடியாக்குவது இப்படித்தான். வீடு ஒருவருடையது, அக்ரிமென்ட் இன்னொருவர் பெயரில், வாடகை மூன்றாவது கணக்குக்குப் போகிறது என்றால் அதைப் பார்க்கிற அதிகாரி வேறு என்ன நினைப்பார்?

நான் சமூக நிலையம் ஒன்றில் பெனிபிட் ஆலோசனை செய்கிறவன். இங்கிலாந்தைப் பற்றித்தான் சொல்கிறேன். சகோதரன் வீட்டுக்காரனாக இருப்பதற்குத் தடை இல்லை. தடை எங்கே வருகிறது என்றால், வீட்டுக்காரரும் அதே வீட்டில் கூட இருந்து, அவர் நெருங்கிய உறவாகவும் இருந்தால். பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், கணவனின் அல்லது மனைவியின் பெற்றோர், மகளின் கணவர், மகனின் மனைவி, இவர்களின் துணைகள், மறுமணத்தால் வந்த தாய் தகப்பன் பிள்ளைகள், இவ்வளவு பேரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே இன்றைக்கு உங்கள் ஹோலில் படுக்கிற தங்கச்சிக்கு நீங்கள் வாடகை ரசீது எழுதிக் கொடுத்தால் ஒரு பென்னியும் கிடைக்காது. அவள் தனியாக ஈஸ்ட் ஹாம் வீட்டுக்குப் போனால் கதை வேறு.

ஆனால் அதோடு முடியவில்லை. 2013 யூனிவர்சல் கிரெடிட் விதிகளின்படி வாடகைப் பொறுப்பு வணிக அடிப்படையில் இருக்க வேண்டும், வாடகைக் காசை எடுப்பதற்காகவே ஜோடித்ததாக இருக்கக் கூடாது. பென்ஷன் வயதுக்காரர் கவுன்சிலில் எடுக்கிற வாடகை உதவியான ஹவுசிங் பெனிபிட்டுக்கும் 2006 விதிகளில் இதே மாதிரி உண்டு. அதிகாரி பார்ப்பது இரத்த உறவை விட இதைத்தான்: காசு மாதாமாதம் உண்மையில் கை மாறுகிறதா? வாடகை ஒரு அர்த்தமுள்ள தொகையா? தங்கச்சி இல்லாவிட்டால் இந்த வீடு வேறு ஆளுக்குப் போயிருக்குமா? கட்டாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் விஷயத்தில் இதுவரை வெளி ஆட்கள் குடியிருந்த வீடு, அது பெரிய பலம். பழைய அக்ரிமென்ட்களை எறியாமல் வைத்திருங்கள். இரண்டு வருடம் சும்மா இருந்த ஆளிடம், கிரெடிட்டுக்கு விண்ணப்பித்த மாதத்திலிருந்து திடீரென்று வாடகை கேட்கிற கேஸ்கள்தான் வழக்கமாக விழும்.

எடிசன்வாசி:
நான் நியூஜெர்சி. சும்மா ஒருவனின் நண்பர் பார்த்தது எங்கள் ஊர் விதியாக இருக்கும். இங்கே செக்‌ஷன் 8 வவுச்சர் என்று ஒன்று. குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டும், மீதியை ஊர் ஹவுசிங் அத்தாரிட்டி நேராக வீட்டுக்காரருக்குக் கொடுக்கும். அதில் வீட்டுக்காரர் அந்தக் குடும்பத்தில் யாருக்காவது அப்பா, அம்மா, பிள்ளை, தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி, அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று இருந்தால் அனுமதியே கிடையாது. தனித்தனி வீட்டில் இருந்தாலும் கிடையாது. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அந்த வீடுதான் வசதி என்று அத்தாரிட்டி ஒத்துக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. சித்தப்பா, மாமா, கசின் எல்லாம் பட்டியலில் இல்லை, அவர்கள் தாராளமாக விடலாம்.

அப்புறம் இங்கே மாட்டிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் உறவினால் மாட்டுவதில்லை. பேப்பரில் ஒரு வாடகை, கையில் தனியாக நூறு இருநூறு டாலர் என்று வாங்குவார்கள் பாருங்கள், அது கூடவே கூடாது. வாடகை அக்கம்பக்கத்தை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், வீட்டையும் வந்து சோதிப்பார்கள். நல்ல மனசோடு தங்கைக்கு வீடு கொடுக்க நினைக்கிறவனுக்கு இந்த ஊர் விதி அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்தில் "நான் உறவில்லை" என்று உறுதி சொல்கிறோம், அதில் பொய் சொன்னால் காப்பாற்ற ஆளில்லை.

ஹரோ மாமி:
சட்டம் விடும், சரி. குடும்பம் விடுமா என்று யோசித்தீர்களா தம்பி? நாங்கள் இவருடைய தம்பிக்கு ஒரு ஃப்ளாட்டைக் கொடுத்தோம். முதல் ஆறு மாதம் பிரச்சினை இல்லை. பிறகு கவுன்சில் காசு அவர் கணக்குக்கு வருகிறது, எங்களுக்கு வரவில்லை. கேட்டால், "அண்ணி, பிள்ளையின் பல்லுக்குக் கட்டினேன், கார் இன்சூரன்ஸ் வந்துவிட்டது." வெளி ஆளாக இருந்தால் கடிதம் போட்டிருப்போம். இவருக்கு வாய் வரவில்லை. பூப்புனித நீராட்டுவிழாவில் எல்லாரும் ஒன்றாக நின்று படம் எடுக்கிறோம், வீட்டுக்கு வந்தால் எனக்கு மோர்ட்கேஜ் கடிதம். கடைசியில் அந்த ஃப்ளாட்டை விற்றுத்தான் தீர்ந்தது, கதை பேச்சு இன்னும் இல்லை.

நான் சொல்லுவது இதுதான்: ஒன்றில் சும்மா இருக்க விடுங்கள், அல்லது உண்மையாகவே வாடகைக்கு விடுங்கள். "தங்கச்சிதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்கிற நடு வழி வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
மாமி அனுபவத்தில் சொன்னதை நாங்கள் அலுவலகத்தில் விதியாகச் சொல்கிறோம். வாடகை பாக்கி நின்றபோது நீங்கள் ஒரு கடிதம்கூட எழுதவில்லை என்றால், "இது வாடகை இல்லை, குடும்ப உதவி" என்று முடிவு வர அதுவே போதும். கண்டிப்பாக இருப்பது தங்கச்சிக்கு எதிரான வேலை இல்லை, அவளுடைய கிரெடிட்டைக் காப்பாற்றுகிற வேலை.

யூனிவர்சல் கிரெடிட் வாடகைப் பங்கு சாதாரணமாக வாடகைக்காரர் கணக்குக்குத்தான் போகும். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால், அல்லது அந்த ஆளுக்குக் காசை நிர்வகிக்க முடியாத நிலைமை என்றால், நேராக உங்களுக்கே அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அண்ணன் தங்கச்சி சண்டையை விட அது நல்லது.

கரையோரம்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. ஒன்று, 1,900 என்று குறைத்துக் கேட்பது "வணிக அடிப்படை இல்லை" என்று ஆகிவிடுமா? மற்றது, அம்மா சீதனமாகக் கொடுத்த காணி ஒன்று தங்கச்சி பெயரில் சுன்னாகத்தில் இருக்கிறது. அதை எங்கேயும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. தாலிக்கொடி, நகையும் கொஞ்சம் உண்டு.

கணக்குப்பிள்ளை:
வாடகை: குறைத்துக் கேட்பதால் மட்டும் விழாது. அக்கம்பக்கத்தை விடக் கூடக் கேட்டால்தான் முதலில் புருவம் உயரும். எப்படியும் நீங்கள் எவ்வளவு கேட்டாலும் அந்தப் பகுதிக்கு வைத்திருக்கிற லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் அளவுக்கு மேல் தரமாட்டார்கள். அது பகுதி வாடகைகளைக் கீழிருந்து மேலே அடுக்கினால் 30 சதவீதத்தில் நிற்கிற வாடகை என்று 2011 இல் வைத்தார்கள், அதற்கு முன் நடுப்புள்ளி. பிறகு வருடக்கணக்காக உறைய வைத்து, 2020 இல் ஒருமுறையும் 2024 இல் ஒருமுறையும் தூக்கிவிட்டார்கள், திரும்பவும் உறைந்தது. ஆகவே வாடகைக்கும் அலவன்ஸுக்கும் இடையில் துண்டு விழுந்தால் தங்கச்சி சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும், அதை முதலே அவளோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

அறைக் கணக்கு அவளுக்குச் சாதகம். ஆண் பெண் பிள்ளைகள் இருவரும் 10 வயதுக்குக் கீழ் என்றால் ஒரே அறைதான் கணக்கில் வரும். மகனுக்கு 12 ஆகிவிட்டதால் ஆளுக்கொரு அறை, அவளுக்கு ஒன்று, மொத்தம் மூன்று அறை அளவு கிடைக்கும்.

பெனிபிட் கேப், அதாவது ஒரு வீட்டுக்குக் கிடைக்கிற மொத்த பெனிபிட்டுக்கு உச்ச வரம்பு என்று ஒன்று உண்டு, லண்டனில் பிள்ளைகளோடு இருக்கிறவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து வருடம் 25,323 பவுண்ட். லண்டன் வாடகைக்கு அது சட்டென்று இடிக்கும். ஆனால் வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்தால் வருகிற அளவு சம்பளம் மாதம் அவளுக்கு வந்தால் கேப் பொருந்தாது. கேர் ஹோமில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள், 14 என்றால் 16 ஆக்கச் சொல்லிக் கேட்பது பெரிய வித்தியாசம்.

காணி: சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துத்தான், அந்த நாட்டுச் சந்தை விலையில் கணக்கு. சேமிப்பும் சொத்தும் 16,000 பவுண்டுக்கு மேல் போனால் யூனிவர்சல் கிரெடிட்டே இல்லை, 6,000க்கும் 16,000க்கும் இடையில் என்றால் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண்ட் வெட்டுவார்கள். சுன்னாகத்தில் இன்றைய விலைக்கு எத்தனை பரப்பு என்பதைப் பொறுத்து இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒன்று, யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கல்யாணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பிரிந்து போன கணவன் கையெழுத்து வைக்க மறுத்தால் அந்தக் காணியை யார் வாங்குவார்? அந்த நிலைமையை ஒரு வழக்கறிஞர் கடிதத்தோடு சொன்னால் மதிப்பு நன்றாகக் குறையும். மறைத்து வைத்துப் பிறகு பிடிபட்டால் இந்த வாதத்தை வைக்கவே முடியாது. வாடகைக்கு விண்ணப்பிக்கப் போகிற நேரத்தில் பழையதையும் சேர்த்துக் கிளறுவார்கள், ஆகவே இதை முதலில் சரி செய்யுங்கள்.

நகை, அணிகிற நகை, சொந்தப் பாவனைப் பொருள். அதைச் சொத்தாக எண்ணுவதில்லை. காசை ஒளிக்க வாங்கிக் குவித்த தங்கக் காசு என்றால் அது வேறு.

புளியமரம்:
ஒருவருக்கும் கோபம் வர வேண்டாம், ஆனால் இதை யாராவது கேட்கத்தான் வேண்டும். அண்ணனுக்கு இரண்டு வீடு, தங்கச்சிக்கு வீடில்லை, அரசாங்கம் வரிக்காசில் வாடகை கட்டுகிறது, அது அண்ணனின் மோர்ட்கேஜுக்குப் போகிறது. இருபது வருடத்தில் அண்ணனுக்குச் சொந்த வீடு, தங்கச்சி அப்போதும் வாடகைக்காரி. சட்டம் சரி என்று சொல்லுகிறது, எனக்கு இது உறுத்துகிறது.

வாடகைக்காரி:
புளியமரம், உங்கள் கேள்வியில் எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் நான் அந்தத் தங்கச்சியின் இடத்தில் இருக்கிறவள். என் பெரியண்ணாவின் வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறேன். அவர் எனக்குத் தராவிட்டால் அதே வரிக்காசு ஒரு தெரியாத வீட்டுக்காரருக்குப் போயிருக்கும், அவருக்கும் மோர்ட்கேஜ் இருக்கும். வித்தியாசம் என்னவென்றால் பொய்லர் பழுதானால் அண்ணா அன்றைக்கே ஆள் அனுப்புகிறார்.

நான் சொல்ல வந்தது வேறு. முதலில் சும்மாதான் இருக்கச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். சும்மா இருந்தால் அண்ணி வந்து அலுமாரியைத் திறந்து பார்ப்பா, "எங்கள் வீட்டில் ஆணி அடித்தாயா" என்பா, பிள்ளையின் சினேகிதி வந்தால் யார் என்று கேட்பா. வாடகை கட்டத் தொடங்கிய பிறகு கேட்டுவிட்டுத்தான் வருகிறா. மாதம் முதல் தேதி ஸ்டாண்டிங் ஓர்டர், பதிவில் "வாடகை" என்றே போடுவேன். கையில் காசு கொடுப்பதே இல்லை. அண்ணாவும் மற்ற வாடகைக்காரருக்குக் கொடுக்கிற அதே அக்ரிமென்ட், அதே இன்வென்டரி, டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்ட சான்றிதழ் எல்லாம் தந்தார். விண்ணப்பத்தில் உறவைக் கேட்டபோது சகோதரர் என்று அப்படியே எழுதினேன். தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் கூட இருக்கிறாரா, கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டார்கள். "வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவார், அவருக்கும் கடன் இருக்கிறது" என்றேன். பொய் இல்லை, அவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

கரையோரம் அண்ணா, அந்த வார்த்தையை நீங்கள் தங்கச்சியிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் 1,900ஐ மறந்துவிட்டு, உங்களால் தாங்கக்கூடியதைப் பாருங்கள்.

நெடுந்தூரம்:
வீட்டுக்காரர் பக்கத்தில் யாரும் தொடாத விஷயம் ஒன்று. உங்கள் பை டு லெட் மோர்ட்கேஜ் (வாடகைக்கு விடுவதற்கென்றே எடுக்கிற வீட்டுக் கடன்) பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். நிறையப் பேர் வைத்திருக்கிற சாதாரண பை டு லெட்டில் குடும்பத்தாருக்கு விடக்கூடாது என்றே இருக்கும். உரிமையாளரோ, துணை, பெற்றோர், சகோதரர், பிள்ளை, பேரப்பிள்ளை, தாத்தா பாட்டி போன்றவர்களோ வீட்டின் 40 சதவீதத்திலோ அதற்கு மேலோ குடியிருந்தால் அந்தக் கடன் வேறு வகையாகிவிடுகிறது, கட்டுப்பாடு கூட. அதனால் வங்கிக்காரர் விரும்புவதில்லை. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்கள்.

ஈஸ்ட் ஹாம் என்றால் நியூஹாம் கவுன்சில். 2013 இல் இங்கிலாந்திலேயே முதலாவதாக பரோ (கவுன்சில் பகுதி) முழுக்க வீட்டுக்காரர் லைசென்ஸ் கொண்டுவந்த இடம் அது. உங்கள் தெருவுக்கு இப்போது லைசென்ஸ் வேண்டுமா என்று பாருங்கள், தங்கச்சி என்பதற்காகச் சலுகை இல்லை. வருடாந்த காஸ் சான்றிதழ், ஐந்து வருடத்துக்கொரு முறை மின்சாரச் சோதனை, இந்நாட்டில் வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பாஸ்போர்ட் பார்க்கிற ரைட் டு ரென்ட் சோதனை எல்லாம் தங்கச்சிக்கும் உண்டு. தங்கச்சியின் பாஸ்போர்ட்டைப் பார்க்க வெட்கமாக இருக்கும், பாருங்கள், கொப்பி எடுத்து வையுங்கள்.

வரி: வாடகையைக் காட்டுங்கள். அரசு உங்கள் பெயரில் வாடகை என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கும்போது மறுபக்கம் வருமானம் பூச்சியம் என்று போடுவது சுத்த மடத்தனம். 2020 ஏப்ரலிலிருந்து மோர்ட்கேஜ் வட்டியை வருமானத்தில் கழிக்க முடியாது, வட்டியில் 20 சதவீதம் வரியில் குறையும், அவ்வளவுதான். சந்தை வாடகையை விட நன்றாகக் குறைத்துக் கொடுத்தால், செலவுக் கழிவை வந்த வாடகை அளவுக்குத்தான் விடுவார்கள், நட்டம் காட்ட முடியாது.

ஹரோ மாமி:
இவ்வளவையும் வாசித்தபிறகு கொழும்பில் ஒரு கடையே திறந்திருக்கலாம் போல இருக்கிறது.

சும்மா ஒருவன்:
சரி, என் நண்பர் பார்த்தது அமெரிக்கா விதிதான், கேட்டுப் பார்த்தேன். ஒரு சந்தேகம். புதிய வாடகைச் சட்டப்படி 2026 மே 1 இலிருந்து காரணம் சொல்லாமல் எழுப்புகிற செக்‌ஷன் 21 இல்லை என்கிறார்களே. அப்படியென்றால் தங்கச்சியை எப்படி எழுப்புவது?

கணக்குப்பிள்ளை:
காரணம் காட்டி எழுப்பலாம். பாக்கிக்கு என்றால் மூன்று மாத வாடகை நிற்க வேண்டும், நாலு கிழமை நோட்டீஸ். அதில் யூனிவர்சல் கிரெடிட் வரத் தாமதமானதால் நிற்கிற தொகையைச் சேர்க்க முடியாது. உங்களுக்கோ உங்கள் நெருங்கிய குடும்பத்துக்கோ வீடு வேண்டும் என்றாலும் கேட்கலாம், முதல் வருடம் முடிந்த பிறகு, நாலு மாத நோட்டீஸோடு. வாடகையை வருடத்துக்கு ஒரு முறைதான் கூட்டலாம், அதுவும் முறையான நோட்டீஸில், சாப்பாட்டு மேசையில் சொல்லி இல்லை. முற்பணமாக ஒரு மாதத்துக்கு மேல் கேட்கவும் முடியாது. "பெனிபிட் ஆட்களுக்கு இல்லை" என்று சொல்லுவதை 2020 இலேயே யோர்க் கவுண்டி கோர்ட் சட்டவிரோதம் என்று சொன்னது, புதிய சட்டம் அதை நேராகவே தடுக்கிறது. ஆகவே கரையோரம், உங்கள் தங்கச்சி வெளியிலும் தேடிக்கொண்டே இருக்கட்டும், ஏஜென்சிக்காரர் சொல்லுகிற காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.

மழைத்துளி:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் அம்மாவுக்கு 71. வீட்டுக்குப் பின்னால் கட்டிய அனெக்ஸில் இருக்கிறா. அவவுக்கு ஹவுசிங் பெனிபிட் கேட்கலாமா?

கணக்குப்பிள்ளை:
அனெக்ஸில் சமையலறை தனியாக இருக்கிறதா? குளியலறை, கழிப்பறை, பொது நடைபாதை மட்டும் பகிர்ந்தால் "கூட வசிக்கிறார்" என்று ஆகாது, அடுப்பும் ஹோலும் பகிர்ந்தால் ஆகும், அப்போது இல்லை. தனி என்றாலும், அம்மா இதுவரை சும்மா இருந்திருந்தால் இப்போது ஏன் வாடகை என்ற கேள்வி வரும். கவுன்சில் வரி அந்த அனெக்ஸுக்குத் தனியாக இருக்கிறதா என்று சொல்லுங்கள், புது இழையில் பார்ப்போம்.

கரையோரம்:
தங்கச்சியோடு பேசினேன். காணி விஷயத்தை யூனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் (அவளுடைய இணையக் கணக்கில் அதிகாரிக்குச் செய்தி எழுதுகிற இடம்) எழுதிவிட்டாள், யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரிடமும் கடிதம் கேட்டிருக்கிறோம். மோர்ட்கேஜ் பத்திரத்தில் நெடுந்தூரம் சொன்ன வரி அப்படியே இருக்கிறது, வங்கிக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் மறுத்தால் இந்தத் திட்டம் இல்லை, வீட்டை வெளி ஆளுக்கு 2,300க்கு விட்டு, அவள் வெளியில் எடுக்கிற வாடகையில் துண்டு விழுகிறதை நான் கட்டுவது என்று முடிவு. சரி என்றால் 1,900. கட்டாவிட்டால் எழும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். "அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள்.

கணக்குப்பிள்ளை:
நல்லது. குடிபோகிற தேதியை அவளுடைய மதிப்பீட்டு மாதத்தை (கிரெடிட்டைக் கணக்குப் பார்க்கிற ஒரு மாதக் காலம்) பார்த்து வையுங்கள். மாறின விஷயத்தை அந்த மாதத்துக்குள்ளேயே அறிவித்தால் வாடகைப் பங்கு அந்த மதிப்பீட்டு மாதத்தின் முதல் நாளிலிருந்து கணக்கு, குடிபோனது கடைசி நாளில் என்றாலும். அடுத்த மாதத்துக்குத் தள்ளி அறிவித்தால் ஒரு மாதக் காசு போய்விடும்.